அத்தியாயம் 6: தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா

இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு காலண்டரையும் பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதைத் தாய்லாந்து அதிகாரி ஒருமுறை பார்ப்பார். 50 நிறைந்திருந்தால் போதும். உங்கள் பணத்தின் வயதை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பார். 8 லட்சம் பாட் வங்கியில் இருந்தால் மட்டும் ஆகாது, அது இரண்டு மாதமாக அங்கே கிடந்திருக்க வேண்டும். நான் பார்த்த வரையில், வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களில் பலரிடம் பணம் இருந்தது. தேதிதான் தவறியிருந்தது.

இங்கே சொல்லும் வழிமுறை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கானது. கட்டணங்களும் படிவங்களும் அவ்வப்போது மாறும். ஆகவே டிக்கெட் போடும் முன் தாய்லாந்து இ-விசா தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று கேள்விகள்

1. 8 லட்சம் பாட், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல், தொடாமல் கிடக்கவிட உங்களால் முடியுமா? இது செலவுக்கான பணம் அல்ல. வீட்டுவாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம் இதற்கு வெளியே.

2. எந்த ஊர்? சுற்றுலாவில் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். சியாங் மாய் டிசம்பரில் ஊட்டிபோல இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சுற்றுவட்டார வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை ஊரை மூடிக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாத காலம். ஹுவா ஹின் கடலோர அமைதி, ஆனால் சந்தடி பிடித்தவர்களுக்குச் சலிக்கும். பாங்காக்கில் எல்லாம் கிடைக்கும். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில்கூட இருக்கிறது. வாடகையும் நெரிசலும் அதற்கேற்ப. உங்களுக்குப் பிடித்த ஊரின் மிக மோசமான மாதத்தில் போய் மூன்று வாரம் தங்குங்கள். அப்போதும் பிடித்திருந்தால் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

3. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் ஏதேனும் உண்டா? இந்தப் பதில்தான் எந்த விசா என்பதைத் தீர்மானிக்கும்.

ஓ விசாவா, ஓ-ஏ விசாவா?

உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள்.

நான்-இமிகிரண்ட் ஓ-ஏ: இந்தியாவிலிருந்தே ஓராண்டுக்கு வாங்கிக்கொண்டு போவது. பணத்தை உங்கள் ஊர் வங்கியிலேயே காட்டலாம். போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, இவற்றோடு 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு எத்தனை நாளுக்கோ, தங்க அனுமதியும் அத்தனை நாளுக்குத்தான்.

நான்-இமிகிரண்ட் ஓ: 90 நாளுக்கு மட்டும் நுழைவது. அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்து, பணம் போட்டு, இமிகிரேஷன் அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்பு வாங்குவது. ஓய்வுக்கால நீட்டிப்பை இந்த வழியில் வாங்குபவர்களிடம் காப்பீடு கேட்பதில்லை.

முதல் பார்வையில் ஓ-ஏ சுலபமாகத் தெரியும். அறுபத்தைந்தைத் தாண்டி, மாத்திரைப் பெட்டியோடு வாழ்கிறவருக்கு அந்தக் காப்பீடுதான் முட்டுக்கட்டை: ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவிடுவார்கள், வயது கூடக்கூடப் பிரீமியம் ஏறும், ஒரு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்கவே மாட்டார்கள். ஓ-ஏ விசாவில் வந்தவர், பிறகு அங்கேயே ஆண்டுதோறும் நீட்டித்தாலும் காப்பீட்டு நிபந்தனை கூடவே வரும். என் பரிந்துரை ஓ விசா. ஆரோக்கியமான, ஐம்பதுகளில் இருக்கும் வாசகர் ஓ-ஏ எடுக்கட்டும்.

இந்த இரண்டையும் தவிர, 14 நாட்டவருக்கு மட்டுமான ஓ-எக்ஸ் என்ற நீண்டகால விசா உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எல்.டி.ஆர். என்ற பத்தாண்டு விசாவுக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வுக்கால வருமானமோ, 40,000 டாலர் வருமானத்துடன் 2.5 லட்சம் டாலர் முதலீடோ வேண்டும். அது உங்களுக்குப் பொருந்தினால் இந்தப் புத்தகமே உங்களுக்குத் தேவையில்லை, நல்ல வழக்கறிஞர் போதும்.

மாத வருமானம் 65,000 பாட் என்று காட்டியும் நீட்டிப்பு வாங்கலாம் என்று விதியில் உண்டு. இந்திய ஓய்வூதியத்தில் அந்தத் தொகையை மாதந்தோறும் அனுப்புகிறவர்கள் குறைவு. எனவே இனி சொல்வதெல்லாம் ஓ விசாவும் வங்கி இருப்பும் பற்றியே.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

பெயர். தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். ஓய்வூதிய ஆணையில் இனிஷியல் முன்னால் இருக்கும். வங்கியில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். நம் ஊர் அலுவலகங்களில் இதையெல்லாம் சகித்துக்கொள்வார்கள். தாய்லாந்தில் கவுன்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு பெயர் என்றால் இரண்டு ஆள். விசா விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆவணங்களை மேசையில் வரிசையாக வைத்து, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். முக்கியமாக, பணம் அனுப்பப்போகும் இந்திய வங்கிக் கணக்கின் பெயர்.

திருமணச் சான்றிதழ். மனைவியும் உடன் வருகிறாரா? முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டியவர்கள் பலர் பதிவே செய்ததில்லை. கடவுச்சீட்டில் கணவன் பெயர் இருப்பது இங்கே போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, சான்றிதழ் வாங்கி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்துத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் பெறுங்கள். இதற்கே இரண்டு மாதம் ஒதுக்கலாம்.

வங்கி. இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் உள்நாட்டில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். உங்கள் தேவை அதில் சிறு பகுதிதான். ஆனால் நெட்பேங்கிங்கில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற வசதியைப் புறப்படும் முன்பே திறந்து, தினசரி வரம்பு எவ்வளவு என்று கிளை மேலாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

> குறிப்பு: ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மில் ரோமிங்கைப் போட்டு, தாய்லாந்தில் இறங்கியதும் ஒரு குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பாங்காக்கில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் மேசை டிராயரில் கிடக்கும் சிம்முக்கு வந்த ஓ.டி.பி.யை மகனிடம் போனில் கேட்டு வாங்குவது வேடிக்கையாக இருக்கும், ஒருமுறை மட்டும்.

விசா. தாய்லாந்து இ-விசா தளத்தில் விண்ணப்பியுங்கள். சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்கு உரிய தூதரகத்தைத் தளத்தில் தேர்ந்தெடுத்தால் கேட்கப்படும் ஆவணப் பட்டியல் வரும். ஒவ்வொரு தூதரகமும் பட்டியலில் ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கும், ஆகவே நண்பர் டில்லியில் கொடுத்ததை வைத்து நீங்கள் சென்னையில் கொடுக்காதீர்கள். தாய்லாந்தில் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது கட்டாயம், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி.

ஓ-ஏ எடுப்பவர்களுக்கு மட்டும்: பாஸ்போர்ட் சேவா வழியாகப் போலீஸ் நன்னடத்தைச் சான்று. மருத்துவச் சான்றில் தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், மூன்றாம் நிலை சிபிலிஸ் ஆகிய ஐந்தும் இல்லை என்று மருத்துவர் எழுத வேண்டும். இரண்டுமே மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆர்வத்தில் முதல் வேலையாக இவற்றை வாங்கி வைத்து வீணாக்கியவர்கள் உண்டு.

பணத்தின் காலண்டர்

இந்த அத்தியாயத்தின் உயிர் இங்கேதான்.

ஓ விசாவில் நுழைந்தால் 90 நாள். நுழைந்த நாளே முதல் நாள் என்று கணக்கு. நீட்டிப்பு விண்ணப்பம் கடைசி 30 நாளில் கொடுப்பது வழக்கம். அன்று 8 லட்சம் பாட் இரண்டு மாதமாகத் தாய்லாந்து வங்கியில், உங்கள் பெயரில், இருந்திருக்க வேண்டும். 90-இல் 60 போனால் மீதி 30. அந்த முதல் மாதத்துக்குள் வீடு பிடித்து, கணக்கு திறந்து, முழுப்பணமும் வந்துசேர வேண்டும். கணக்கு திறக்க மூன்று வாரம் அலைந்தவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இத்துடன் நம் ஊர் வரிக்கணக்கையும் சேருங்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20 சதவீதம் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிக்கிறார்கள். உதாரணமாக 22 லட்சத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் 12 லட்சத்துக்கு 2.4 லட்சம் பிடிபடும். வருமானவரிக் கணக்கில் அது திரும்ப வரும்தான். வரும்வரை உங்கள் கையில் இல்லை. மார்ச்சில் 11, ஏப்ரலில் 11 என்று இரண்டு நிதியாண்டில் அனுப்பினால் பிடிப்பு மொத்தமே 40,000.

இரண்டையும் இணைத்துப் போட்ட கணக்கு இது:

1. மார்ச் 15: தாய்லாந்தில் நுழைவு. கடவுச்சீட்டு முத்திரையில் ஜூன் 12 வரை என்று இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

2. மார்ச் 18-க்குள்: வாடகை ஒப்பந்தம். வெளிநாட்டவர் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு டி.எம். 30 என்று பெயர். அந்த ரசீதைத் தருவதாக அவர் ஒப்புக்கொள்ளாமல் வாடகை முன்பணம் கொடுக்காதீர்கள். ரசீது இல்லையென்றால் அடுத்த படியே இல்லை.

3. மார்ச் 19 முதல் 25 வரை: இமிகிரேஷனில் வசிப்பிடச் சான்று, பிறகு வங்கி. ஒரு கிளையில் மறுத்தால் கோபப்படாமல் அதே வங்கியின் அடுத்த கிளைக்குப் போங்கள். கிளைக்குக் கிளை வழக்கம் வேறு. வெளிநாட்டவர் அதிகம் வசிக்கும் பகுதியின் கிளைகளுக்கு இது பழகிய வேலை.

4. மார்ச் 30-க்குள்: முதல் பாதியை இந்தியாவிலிருந்து அனுப்புங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் வெளிநாட்டில் சொந்தக் கணக்கில் வைப்பு என்ற பொருள்வரும் தேர்வு. சுற்றுலா என்று போடாதீர்கள்.

5. ஏப்ரல் 2: மறு பாதி. ஏப்ரல் 1 இந்திய வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு, அன்று வேலை நடக்காது.

6. ஏப்ரல் 5-க்குள்: முழுத்தொகையும் பாஸ்புக்கில் ஏறியிருக்க வேண்டும். 6-ஆம் தேதி சக்ரி நாள் விடுமுறை. 13 முதல் 15 வரை சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு, ஊரே தண்ணீரில் நிற்கும்.

7. ஜூன் 5-க்குப் பிறகு, ஜூன் 12-க்கு முன்: நீட்டிப்பு விண்ணப்பம்.

பணம் ஒரு பத்து நாள் பிசகி, சொங்க்ரான் கழிந்து ஏப்ரல் 16-இல் வந்தது என்று வையுங்கள். இரண்டு மாதம் நிறைவது ஜூன் 16. முத்திரை ஜூன் 12-இல் முடிந்துவிடும். கணக்கில் 8 லட்சம் இருந்தும் விமானம் ஏற வேண்டியதுதான். சனி, ஞாயிறு எந்தத் தேதியில் விழுகிறது என்று அந்த ஆண்டுக் காலண்டரில் பார்த்து, இந்தத் தேதிகளை உங்களுக்கு ஏற்றபடி இரண்டு மூன்று நாள் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், பின்னால் அல்ல. இந்த நெருக்கடி வேண்டாம் என்பவர்கள் டி.சி.எஸ். போகட்டும் என்று முழுத்தொகையையும் மார்ச்சிலேயே அனுப்பிவிடலாம். இரவில் தூக்கம் வரும்.

கணக்கில் செய்யும் தவறுகள்

சரியாக 8 லட்சம் அனுப்புவது. இடைப்பட்ட வங்கிகள் கட்டணம் பிடிக்கும், மாற்று விகிதம் அசையும். 7,98,600 பாட் வந்து நின்றால் அன்றிலிருந்து கணக்கு தொடங்காது. 8 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் குறையாமல் அனுப்புங்கள்.

அதே கணக்கில் ஏ.டி.எம். கார்டு வாங்குவது. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் 8 லட்சத்து 150 பாட் வைத்திருந்தார். ஒரு பைசா எடுக்கவில்லை. கார்டுக்கான ஆண்டுக் கட்டணத்தை வங்கி தானாகப் பிடித்துக்கொண்டது. இருப்பு 8 லட்சத்துக்குச் சற்றே கீழே இறங்கியது. அந்த ஒரு வரியைக் கவுன்டர் அதிகாரி பேனாமுனையால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அவர் முதலிலிருந்து தொடங்கினார். விசாப் பணத்துக்குக் கார்டே இல்லாத தனிக் கணக்கு ஒன்று, அன்றாடச் செலவுக்கு இன்னொன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுக் கணக்கு. நம் ஊரில் கணவன் மனைவி சேர்ந்து வைப்பதுதான் பாதுகாப்பு. அங்கே விசாப் பணம் விண்ணப்பிப்பவர் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும்.

பணத்தைக் கையில் கொண்டுபோய்ப் போடுவது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பது பாஸ்புக்கில் தெரிய வேண்டும். ரொக்கமாகப் போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க நீங்கள் ஓட வேண்டியிருக்கும்.

ஏஜெண்டின் பணம். "உங்க பணமே வேண்டாம் சார், நாங்க ஒரு நாள் போட்டுக் காட்டிட்டு எடுத்துக்கிறோம்" என்று சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அது அதிகாரியிடம் பொய்க்கணக்கு காட்டுவது. மாட்டினால் விசா ரத்து உங்களுக்கு, ஏஜெண்டுக்கு அல்ல. வரிசையில் நிற்க, படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பணம் உங்களுடையதாக இருக்கட்டும்.

இமிகிரேஷன் அலுவலகத்தில் ஒரு காலை

பாங்காக்கில் அலுவலகம் சேங் வத்தனா அரசு வளாகத்தில், பட்டாயாவில் ஜோம்தியென். மற்ற ஊர்களில் மாகாண அலுவலகம்.

1. காலையில் வங்கி திறந்ததும் போய், விசாக் கணக்கில் 100 பாட் போடுங்கள். பாஸ்புக்கில் அன்றைய தேதி விழ வேண்டும், அதற்காக. எடுக்க வேண்டாம்.

2. அதே கையோடு வங்கிக் கடிதமும், கணக்கு விவரமும் வாங்குங்கள். கடிதம் அன்றைய தேதியிலேயே இருப்பது உத்தமம்.

3. டி.எம். 7 படிவம், 4-க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படம், கடவுச்சீட்டின் முகப்பு, விசா, கடைசி நுழைவு முத்திரைப் பக்கங்களின் நகல், பாஸ்புக் எல்லாப் பக்கங்களின் நகல், வாடகை ஒப்பந்தம், டி.எம். 30 ரசீது. ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையொப்பம்.

4. வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். கையாலேயே வரையலாம்: பெரிய சாலை, சந்து, பக்கத்தில் ஒரு கோயிலோ செவன்-இலெவன் கடையோ, ஒரு அம்புக்குறி. வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கோலம்போல இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறார்கள்.

5. கட்டணம் 1,900 பாட், சில்லறையாக.

அரைக்கால் சட்டையில் போகாதீர்கள். 12 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. பதினொன்றரைக்கு டோக்கன் எடுப்பவர் ஒரு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகாரி ஏதாவது குறை சொன்னால் வாதம் வேண்டாம். சிரித்துக்கொண்டே, என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். குரலை உயர்த்துபவரைத் தாய்லாந்தில் மனநிலை சரியில்லாதவராகத்தான் பார்ப்பார்கள். குறையைச் சரிசெய்து மறுபடி வரத்தான் ஜூன் 5-க்கும் 12-க்கும் நடுவே ஒரு வார இடைவெளி விட்டு வைத்தோம்.

முத்திரை விழுந்த பிறகு

*பணம்:* நீட்டிப்பு கிடைத்த பிறகு மூன்று மாதம் 8 லட்சம் குறையக் கூடாது. அதன்பின் 4 லட்சம் வரை எடுக்கலாம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன் மீண்டும் 8 லட்சம். ஆக ஏழு மாதத்துக்குப் பாதிப் பணம் கைக்குக் கிடைக்கிறது; அதை எடுத்து, மறுபடி ரூபாயிலிருந்து மாற்றிப் போடும் செலவையும் பதற்றத்தையும் பார்த்தால், தொடாமல் விடுவதே நல்லது.

*90 நாள் அறிக்கை:* ஒவ்வொரு 90 நாளுக்கும், நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்று டி.எம். 47 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம். முதல்முறை நேரில், பிறகு இணையத்திலும் செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். நாட்டைவிட்டு வெளியே போய் வந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

*மறுநுழைவு அனுமதி:* பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்குக் கிளம்புகிறீர்கள். டி.எம். 8 படிவத்தில் மறுநுழைவு அனுமதி வாங்கினீர்களா? வாங்காமல் விமானம் ஏறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நொடியே இறந்துவிடும். இரண்டு மாதம் பழுத்த பணமும் காலண்டரும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. நீட்டிப்பு வாங்கிய அன்றே, அதே கட்டிடத்தில், பலமுறை அனுமதியையும் வாங்கிவிடுங்கள். ஊரில் யாருக்கு எப்போது என்ன ஆகும் என்று நம் வயதில் சொல்ல முடியாது. நள்ளிரவில் போன் வந்தால் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க முடியுமா?

*வேலை:* கூடாது. சம்பளமில்லாமல் கோயில் நிர்வாகத்தில் உதவுவது, நண்பர் உணவகத்தில் கல்லாவில் உட்காருவதுகூட வேலையாகக் கருதப்படலாம்.

*காலம் கடந்து தங்குதல்:* நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. பணத்தோடு போகாது. 90 நாளுக்கு மேல் கடந்தவர் தாமாக விமான நிலையத்தில் போய் நின்றாலும் ஓராண்டு நுழையத் தடை. போலீஸ் பிடித்தால் ஓராண்டுக்குக் குறைவான கடப்புக்கே ஐந்தாண்டுத் தடை.

ஊரில் விட்டுவந்த கணக்குகள்

ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் இருந்தால் வரிக்கண்ணில் நீங்கள் அங்கே வசிப்பவர். 2024 முதல், அப்படி வசிப்பவர் அங்கே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்கணக்கில் வரும். 2024-க்கு முன் சேர்த்த சேமிப்புக்கு இது பொருந்தாது. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று உங்கள் கணக்குகளில் என்ன இருந்தது என்ற வங்கி அறிக்கையை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இந்தியா, தாய்லாந்து இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. ஒரே பணத்துக்கு இரண்டு இடத்தில் வரி கட்டும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

நிரந்தரமாகத் தங்குவது என்று முடிவானதும் இந்திய வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அதற்குப்பின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் உங்களுக்கு இல்லை, விதிகள் வேறு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றை மறக்க வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம்.

ஊர் மருத்துவக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். சாதாரண பாலிசி தாய்லாந்தில் உதவாது என்பது உண்மை. ஆனால் ஸ்டென்ட், முழங்கால் போன்ற பெரிய வேலைகளுக்குச் சென்னைக்கு வந்துபோவதே பலருக்குக் கட்டுபடியாகும். எழுபது வயதில் விட்ட பாலிசியை யாரும் திரும்பத் தரமாட்டார்கள். காப்பீடில்லாமல் ஓ விசாவில் இருப்பவர், தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்ட ஒரு தொகையை 8 லட்சத்துக்கு வெளியே வைத்திருக்கட்டும்.

இருவராகப் போகிறவர்களுக்கு

கணவரின் நீட்டிப்பைச் சார்ந்து மனைவிக்கும் ஓராண்டு அனுமதி கிடைக்கும், தனியாக 8 லட்சம் வேண்டாம். சான்றொப்பமிட்ட திருமணச் சான்றிதழ் போதும். செலவு குறைவு என்று எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். இதில் யாரும் பேச விரும்பாத ஒன்று இருக்கிறது. கணவர் இறந்துவிட்டால் அவரைச் சார்ந்த மனைவியின் அனுமதிக்கும் அடிப்படை போய்விடும். விசாப் பணம் அவர் ஒருவர் பெயரில் இருப்பதால் வங்கி அதை முடக்கும். தாய்லாந்து நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும்வரை மனைவியால் தொட முடியாது. துக்கத்தில் இருக்கும் ஒருவர், மொழி தெரியாத ஊரில், வீட்டு வாடகைக்கே கையில் காசில்லாமல் நிற்கலாம்.

அதனால் இதை முதல் ஆண்டிலேயே செய்யுங்கள்:

1. மனைவிக்கும் 50 நிறைந்து, பணமும் இருந்தால் இருவரும் தனித்தனி நீட்டிப்பு வாங்குங்கள்.

2. முடியாவிட்டால், மனைவி பெயரில் தாய்லாந்தில் தனிக் கணக்கு. ஆறு மாத வாழ்க்கைச் செலவும் இரண்டு விமான டிக்கெட்டும் அதில் எப்போதும் இருக்கட்டும்.

3. தாய்லாந்துச் சொத்துக்கு மட்டுமான உயிலை அங்குள்ள வழக்கறிஞர் மூலம் தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், நிர்வாகியாக மனைவியைக் குறிப்பிட்டு. ஊரில் எழுதிய உயில் அங்கே நேராகச் செல்லாது.

4. பாஸ்புக், உயில், வாடகை ஒப்பந்தம், இந்தியத் தூதரக எண், வீட்டுக்காரர் எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவியிடமும் ஊரிலுள்ள பிள்ளையிடமும் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் இருவருமாக வங்கிக்குப் போய், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருக்க, மனைவியையே 500 பாட் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.